தோள் கேட்டவன்

பங்குனி உத்திரத்தன்று முருகனைத் தோளில் சுமப்பது அந்த நெசவாளர் தெருவின் உரிமை. வருஷம் முழுக்கக் குழியில் காலைத் தொங்கவிட்டுத் தறி நெய்கிற மனிதர்கள் அன்று ஒரு நாள் மட்டும் மல்லர்களாகிவிடுவார்கள். கோயிலை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை அதே ஆள், அதே தோள். நடுவழியில் "தோள்" என்று குரல் கொடுத்து மாற்றாள் கேட்டவன் அதன்பிறகு பல்லக்குத் தண்டைத் தொட முடியாது. தெருவும் லேசில் விடாது. அவன் மகனுக்குப் பெண் கேட்டுப் போனால்கூட, "அந்தத் தோள் கேட்டவரு வூடா?" என்பார்கள்.

முன்தண்டு ஆனந்தராஜுடையது. அவனுக்கு முன்பு அது அவன் தாய்மாமன் குமாரவேலுடையது. ஆயுளில் ஒரு தடவைகூடத் தோள் மாற்றாதவர். இப்போது அவர் கழுத்து ஒரு பக்கம்தான் திரும்பும். அதையும் தெரு ஒரு பதக்கம் போலத்தான் பார்த்தது.

ஆனந்தராஜுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. டாக்டர் எச்சரித்தது மனைவி துளசிக்கு மட்டும் தெரியும்.

"முடியலன்னா சொல்லிடுங்க. கால் இழுத்துக்கினா தறியில யாரு உக்கார்றது?"

"சொன்னா முன்தண்டு போயிடும்மா."

"போவட்டும்."

தண்டு போய்விட்டால் தனக்கென்று வேறு என்ன பெருமை இருக்கிறது என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பாதி ஊர்வலத்தில் வலது கால் மரத்துப்போனது. தார்ச்சாலையின் சூடு இடது காலுக்கு மட்டும்தான் உறைத்தது. அடுத்த திருப்பத்தில் கால் மடங்கினால் முருகன் தரையில் கிடப்பார். தான் விழுந்தால் விழட்டும், சாமியையும் சேர்த்துத் தள்ள எவன் கொடுத்த உரிமை?

"தோள்" என்றான்.

நாதஸ்வரம் நின்றது. முன்னால் நடந்துகொண்டிருந்த குமாரவேல் உடம்போடு திரும்பிப் பார்த்தார். ஆனந்தராஜுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அப்போது பின்தண்டிலிருந்து குமரன், கர்லாக்கட்டை சுழற்றுகிற முரட்டு ஆள், மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் ஒரு தோள் வேணும்பா. முட்டி வுட்டுப்போச்சு."

"எனக்கும்" என்றது இன்னொரு குரல். அப்புறம் சொல்லாதவன் யார் என்றே தெரியவில்லை. இத்தனை வருஷமும் இந்த வீராதி வீரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு எவனாவது முதலில் வாயைத் திறக்கமாட்டானா என்றுதான் நடந்திருக்கிறார்கள். கூட்டத்தோடு நடந்துவந்த துளசி சிரித்தேவிட்டாள். ஆனந்தராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தீபாராதனைக்கு நிறுத்துகிற ஊன்றுகட்டைகளின் மேல் பல்லக்கை இறக்கினார்கள். மாற்றுவதே வழக்கமில்லாத தெருவில் மாற்றாள் ஏது? கூட்டத்திலிருந்து கம்பெனி வேலைக்குப் போகிற பையன்களும், இவனெல்லாம் எங்கே சுமப்பது என்று ஒதுக்கப்பட்ட ஒல்லி உதயகுமாரும் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

குமாரவேல் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஆனந்தராஜின் தோளில் கை வைத்தார்.

"இந்தத் திருப்பத்துல வருஷா வருஷம் எனக்கும் வாய் வரைக்கும் வரும் மாப்ள. சொல்ல தகிரியம் வரல."

பிறகு தான் நடந்த இடத்தைக் காட்டினார். "நீ முன்னால போ. எங்க ஆள் மாத்தணும்னு இனிமே நீதான் குரல் குடுக்கணும்."

ஆனந்தராஜ் பல்லக்குக்கு முன்னால் நடந்தான். கோயில் தெரு முனையில் அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தான்.

"தோள்."

ஆட்கள் மாறினார்கள். முருகன் துளிகூட அசையவில்லை.