இரண்டு மில்லி முன்னால்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிட்டார் செய்கிறது. எங்கள் பெயர் பொறித்த ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. போன வாரம் ஒன்று வந்தது. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதற்கு முன் நானே எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன். எழுத்து என் தொழில் அல்ல. அது இப்போது நன்றாகவே தெரிகிறது.

முதல் தொடக்கம்: ‘மருமகளின் கவனக்குறைவால்—’

(அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில்.)

அடுத்த தொடக்கம்: ‘இயந்திரங்கள் வந்த பிறகு மனிதக் கை—’

(அபத்தம். மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டர் இயந்திரத்தை வாங்கியதே நான்தான்.)

2.

வேலை புரியாமல் கதை புரியாது. கிட்டாரின் வயிற்றில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதன் முதுகில் சற்றே சாய்வான ஒரு பள்ளம். அதில் எலும்புப் பட்டை ஒன்று உட்காரும். கம்பிகள் அதன்மேல் ஏறிப் போகும். பள்ளம் இடம் மாறினால் சுருதி போயிற்று. அதனால் மரத்துண்டை ஜிக் என்கிற சட்டத்துக்குள் தள்ளி, தடைக்கட்டையில் முட்டவைத்து இறுக்கி, சட்டத்தின் விளிம்பை ஒட்டியே ரவுட்டரை ஓட்டுவோம். நூறு துண்டு போட்டாலும் நூறும் ஒரே அச்சு.*

* ஜிக் சரியாக இருந்தால். இல்லாவிட்டால் நூறிலும் அதே தவறு.

எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. தடைக்கட்டையின் திருகை வீட்டில் மூத்தவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. என் அப்பா இருந்தவரை நான் தொட்டதில்லை. இப்போது மூத்தவன் நான்.

3.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மேடைகளில் வாசிப்பவர். சண்டை போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“கீழ எல்லாம் சுத்தமா இருக்குங்க. மேல போகப் போக சுருதி ஏறுது. என் காதுதான் கெட்டுப்போச்சோன்னு டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன்.”

“மருமக கைங்க. இப்பத்தான் பழகுறா. சரிபண்ணித் தரோம்” என்றேன்.

அவள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். ஆறு வருடமாகப் பழகுகிறவள்.

(தூசிக்காகத் துணி கட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. அதை வர்ணிக்கும்படி என்னைக் கேட்காதீர்கள்.)

அவர் போனதும் மகன் சூடு காட்டிப் பிரிட்ஜைப் பெயர்த்தான். அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். பென்சிலில் அவள் கையெழுத்து: ‘பள்ளம் 2 மில்லி முன்னால். ஜிக் அப்படித்தான் இருக்கிறது.’

“தெரிஞ்சே ஏம்மா ஓட்டுனே?”

“அந்தத் திருகை நான் தொடலாமா மாமா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே. ‘நாப்பது வருஷமா என் கை தப்புனதில்ல, நீ அளவுகோலை மாத்து’ன்னீங்க. மாத்தினேன். புதுசும் அதையேதான் சொல்லுச்சு.”

தேய்ந்த தடைக்கட்டையைக் கழற்றிப் புதியதைப் பூட்டியவன் நான். அது பழையதைவிட இரண்டு மில்லி தடிமன். அப்போது அளந்து பார்க்கவில்லை.

“இது யார் தப்புன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லணும். அதுவரைக்கும் நான் பட்டறைக்கு வரல” என்று வேலை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மகனைப் பார்த்தேன்.

“என்னை ஏம்ப்பா பாக்கறீங்க? நான் அவ பக்கம்.”

4.

இந்தக் கதையில் மூத்தவர் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. குடும்ப மானத்துக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று எழுதினேன். மருமகள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரியா என்று எந்த வாசகரும் கேட்பார். பதில் எழுதப் பார்த்து மூன்று தாள் கிழித்தாயிற்று.

முடிவு ஒன்று: மருமகள் மனம் மாறித் தானாகவே திரும்பி வருகிறாள்.

(தாளை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனது என் தவறு. வந்து பார்த்தால் நின்றபடி படித்துக்கொண்டிருக்கிறாள். “இவ வரமாட்டா மாமா. மத்தபடி கதை பரவால்ல.”)

முடிவு இரண்டு: கிட்டார் வாசிப்பவர் எல்லாவற்றையும் தாமாகவே புரிந்துகொள்கிறார்.

(“அவர் எப்படிப் புரிஞ்சுப்பார், ஜோசியமா பாக்கறார்?” இதுவும் அவள்தான். என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். இப்படி ஒருத்தி நின்றால் மனிதன் எப்படி எழுதுவது?)

முடிவு மூன்று: மூத்தவர் எழுந்து நின்று, ‘தப்பு வந்து—

5.

மகன் கூப்பிடுகிறான். புதுப் பிரிட்ஜ் போட்ட கிட்டாரை வாங்கிப்போக ஆள் வந்தாயிற்று. பட்டறைக்கும் இந்த அறைக்கும் நடுவே ஒரே கதவு. அதையும் மருமகள் அகலத் திறந்து வைத்திருக்கிறாள். அங்கே பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கும். எனக்கு இந்தக் கதையோடு மல்லுக்கட்டிப் போதும் போதும் என்றாகிவிட்டது. பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். காதில் விழுவதை எழுதட்டும். அவள் எழுதாமல் விட்ட இடத்தை, வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

(வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமா கிட்டாரைக் கொடுத்துவிட்டார். வெயிலைப் பற்றிப் பேசினார். “அப்புறம் ஒரு விஷயங்க” என்றார். இப்போது நான்காவது தடவையாகத் தொண்டையைச் செருமுகிறார். மேலங்கியைக் கையில் எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.)