ஏழு பெட்டி பென்சில்

மீத்திறன் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று எல்லாப் பெற்றோரும்தான் சொல்கிறார்கள். பதினெட்டு வருடமாக நான் பார்த்ததெல்லாம் டியூஷனில் பழுக்க வைத்த பிஞ்சுகள். அதனால் ஆறு வயதுப் பெண் ஒருத்தி முதல் முப்பது கேள்விக்கும் பட்பட்டென்று பதில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வெளியே பெஞ்சில் அவள் அம்மா. தையல்காரி. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள். எங்கள் உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தால் பன்னிரண்டாவது வரை படிப்பும் சாப்பாடும் இலவசம். "இத விட்டா எங்களுக்கு வேற வழியில்ல மிஸ்" என்று மகளை உள்ளே அனுப்பும்போதே சொல்லியிருந்தாள்.

அடுத்த கேள்வி. "ஒரு பெட்டியில எட்டு பென்சில். ஏழு பெட்டியில எத்தனை?"

"அறுபத்தஞ்சு."

விடைத்தாளில் 65. டிக் அடித்தேன். பிறகுதான் உறைத்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு அல்லவா? அச்சுப் பிழை. வேகமாக டிக் அடித்துப் பழகிய நாங்கள் யாரும் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை, கண் விடையிலேயே இருக்கும். அந்தத் தாளோ என் அட்டையில், என் பக்கம் திரும்பி இருந்தது.

தாளைக் கவிழ்த்துவிட்டு வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"இருபத்திமூணையும் பதினேழையும் பெருக்கினா?"

அவள் என் நெற்றியையே பார்த்தாள்.

"தெரியலையா கண்ணு?"

"நீங்க இன்னும் போடலையே மிஸ்."

மனசுக்குள் பெருக்கினேன். கூட்டி முடித்த அந்த நொடியே "முன்னூத்தித் தொண்ணூத்தொண்ணு" என்றாள்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க மிஸ்" என்றாள். "எங்கம்மாவும் மொதல்ல பயந்தாங்க."

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரி வந்துவிட்டாள். "இடம் கெடைச்சிருமா மிஸ்?"

மார்க்கைப் பார்த்தால் இடம் அவளுக்குத்தான். கொடுத்துவிடுவேன் என்றுதான் சத்தியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்தேன்.

சிறுமி மறுபடி என் நெற்றியைப் பார்த்தாள். உதடு கோணியது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாம்மா, போலாம். மிஸ் இல்லன்னு எழுதப் போறாங்க."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது.