ஆண்டிமடையின் உரையாடல் பக்கம்

பேருந்து புதுச்சத்திரம் தாண்டியதும் ராஜ்கமல் கைப்பேசியை எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டான். பக்கத்தில் ஜான்சி ஜன்னலோரமாக, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே அலுவலகம், ஒரே செக்‌ஷன். அவள் சிதம்பரத்தில் ஏறுவாள், அவன் பி.முட்லூரில். அவன் ஏறும்வரை பக்கத்து சீட்டில் அந்தப் பைதான் உட்கார்ந்து வரும். ஆணும் பெண்ணும் ஒரே சீட்டில் வருவதை ஆரம்பத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்த கண்டக்டர்கூட, இப்போதெல்லாம் "அந்த சார் முட்லூர்ல ஏறுவாரு, நீங்க வேற எடம் பாருங்க" என்று சொல்லுமளவுக்குப் பழகிவிட்டார்.

"கேளு ஜான்சி, விக்கிப்பீடியால 'மடைவாசல்'னு ஒருத்தனுக்கு வெச்சேன் பாரு ஆப்பு" என்று சொல்லிவிட்டு, மேடையில் வாசிப்பவன்போல வாசித்தான். "'ஆண்டிமடை எனது சொந்த ஊர். பழனி ஆண்டவரே ஆண்டிக் கோலத்தில் வந்து எங்கள் ஏரி மடையில் தண்ணீர் குடித்ததால் ஏற்பட்ட பெயர் இது. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர் வரலாற்றில் கை வைக்க வேண்டாம்.' அவ்ளோதான். கட்டுரையைப் பற்றி மட்டும் பேசுவோம்னு ஒரு வரி எழுதிட்டு ஆளு பம்மிட்டான்."

ஜான்சி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடைசி வரிய வுட்டுட்டீங்களே சார்."

அந்த வரியை அவன் வாசித்துக் காட்டவே இல்லை. அவனுக்கு முகம் சுட்டது. ஆலப்பாக்கத்தில் கூட்டம் ஏறி, இறங்கி, யாரோ அவன் காலை மிதித்து மன்னிப்பும் கேட்டார்கள். அவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தற்செயலாகப் பார்த்திருப்பாள், யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று கடலூர் வரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். பேருந்து நிலையத்தில் இறங்கியபோது கேட்டும்விட்டான்.

"நீ அதெல்லாம் பாப்பியா?"

"'மடைவாசல்'ங்கிறது நான்தான் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு ஷேர் ஆட்டோவில் ஓர் ஆளுக்குத்தான் இடமிருந்தது. அதில் ஏறிப் போய்விட்டாள்.

ஆண்டிமடை சேத்தியாத்தோப்புப் பக்கம் இருக்கிறது. ராஜ்கமல் வேலை கிடைத்ததும் முட்லூருக்கு வந்துவிட்டாலும், ஊர்ப் பெருமையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரவில்லை. முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்காக விழாக்குழு ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கியது. அத்தை மகன் பாலகுமார்தான் அதற்கு அட்மின். ஒருநாள் அவன் போன் செய்தான். "மச்சான், நெட்ல நம்ம ஊருக்குப் பேரு வந்த கதைய எவனோ தாறுமாறா போட்டு வெச்சிருக்கான். கும்பாபிஷேகம் வர்ற நேரம். நீதான் கம்ப்யூட்டர் ஆளு, அதத் தூக்கு."

ராஜ்கமல் போய்ப் பார்த்தான். பெயருக்கு இரண்டு கதைகள் சொல்லப்படுவதாகக் கட்டுரையில் இருந்தது. ஒன்று, முருகன் தண்ணீர் குடித்த கதை. மற்றது, ஏரி உடையப் பார்த்த ஒரு வெள்ளத்தின்போது, ஏரிக்கரைத் தெருவைச் சேர்ந்த ஆண்டி என்ற காவலாள் அடைத்துக்கிடந்த மடையை முங்கித் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரோடேயே போய்விட்டான் என்பது. ஏரிக்கரைத் தெருவை ஊர்க்காரர்கள் காலனி என்பார்கள். இரண்டு கதைகளுக்கும் சேர்த்து அடியில் ஓர் ஆய்வு நூலின் பெயர் கொடுத்திருந்தது. ராஜ்கமல் அடிக்குறிப்பெல்லாம் பார்க்கிற ஆளில்லை. ஆண்டியை வெட்டினான். கட்டுரையின் கடைசியில், 'இங்ஙனம், ராஜ்கமல், எம்.காம்., ஆண்டிமடை' என்று போட்டு, கைப்பேசி எண்ணையும் எழுதிவிட்டு எழுந்தான். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்கு எப்போதும் இப்படியொரு திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

மறுநாள் ஆண்டி திரும்பி வந்திருந்தான். ராஜ்கமலின் பெயர்ப் பக்கத்தில் 'வாருங்கள்' என்ற வரவேற்பும், அதன்கீழ் 'மடைவாசல்' என்பவர் எழுதிய குறிப்பும் இருந்தன. நீக்கிய பகுதிக்குச் சான்று உள்ளது, தங்களிடம் வேறு சான்று இருந்தால் அதையும் சேர்க்கலாம், கட்டுரையில் கையொப்பம் இடுவதில்லை, தங்கள் பாதுகாப்புக் கருதிக் கைப்பேசி எண்ணை எடுத்திருக்கிறேன் என்று அதில் இருந்தது. அவ்வளவு மரியாதையாக யாரும் அவனுக்குச் சமீபத்தில் எழுதியதில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. எவனோ ஒருவன் எனக்குப் பாடம் நடத்துகிறானா? கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்துக்குப் போனான். ஜான்சிக்குப் பேருந்தில் வாசித்துக் காட்டப்போவதையெல்லாம் எழுதினான். கடைசியில் இதையும் சேர்த்தான்.

'மடையத் தொறந்தவன் பேர ஊருக்கு வெப்பாங்களா? அப்படின்னா ஏர் இழுத்த மாட்டுப் பேரயும் நெலத்துக்கு வெக்கணும்.'

அதைப் படம்பிடித்துக் குரூப்பில் போட்டதும் கைதட்டல்கள் வந்து குவிந்தன. 'மச்சான் செம' என்றான் பாலகுமார். ஊர்ப் பெரியவர் கொளஞ்சிகூட, குரூப்பில் காலை வணக்கத்தைத் தவிர வேறெதுவும் போடாதவர், ஒரு கும்பிடு போட்டார். ராஜ்கமல் அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தான். நன்றாக வந்திருந்ததாகவே அவனுக்குப் பட்டது.

பேருந்தில் அப்படி நடந்த அன்று மதியம் அவன் தன் எலுமிச்சைச் சாதத்தைக் குனிந்த தலை நிமிராமல் தின்றான். வழக்கமாக அவன் கை முதலில் போவது ஜான்சியின் டிபன் பாக்ஸுக்குத்தான். அவள் கொண்டுவரும் மீன் குழம்பில் பங்கு கேட்பதும், "ஜான்சி வீட்டுக் கொழம்புக்கு முன்னாடி எங்க வீட்டுதெல்லாம் நிக்குமா" என்று செக்‌ஷனுக்கே கேட்கும்படி சொல்வதும் அவன் வழக்கம். "என்ன ராஜ்கமல், இன்னிக்கு மீனு வேணாமா?" என்று எதிர் மேசை மங்கலம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றான். ஏன் அவ்வளவு சத்தமாக அதைச் சொல்லி வந்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குழம்பு ருசிக்காக மட்டும் சொன்னதில்லை. தான் சாதி பார்க்கிறவன் இல்லை என்று நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சொன்னது. இத்தனை வருஷமாக அவள் குழம்பைத் தொட்டுத் தொட்டு அவன் தனக்குத்தானே நற்சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்குமோ என்று நினைத்தவன் பாதிச் சாதத்தோடு டிபனை மூடிவிட்டான்.

சாயங்காலம் அவள் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். ராஜ்கமல் பேருந்தில் தனியாக உட்கார்ந்து உரையாடல் பக்கத்தைத் திறந்து, அந்தக் கடைசி வரியை அழித்தான். அழிந்ததும் மூச்சு வந்தது. முட்லூரில் இறங்குமுன் வரி பழைய இடத்திலேயே இருந்தது. கதிரவன் என்று எங்கிருந்தோ ஒருவர் மீட்டுவைத்து, கீழே எழுதியிருந்தார். மறுமொழி வந்துவிட்ட பிறகு தன் கருத்தை அழிக்கக் கூடாது, வருந்தினால் அதன்மேல் கோடு போடலாம், ஆனால் எழுதியது என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியவேண்டும், இது இங்குள்ள வழக்கம். அதோடு போகவில்லை. அழிக்கப்பட்டது என்ன என்று பார்க்க வந்த வேறு சிலர், இப்படி எழுதுகிறவர்கள் வரலாறு எழுத வருகிறார்களே என்று ஆளுக்கொரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், தானே நாலு பேரைப் பந்திக்குக் கூப்பிட்டதுபோல ஆயிற்று.

அடுத்த நாள் காலை அந்தப் பேருந்தில் ஜான்சி இல்லை. அவர்களுடைய சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜ்கமல் கடலூர்வரை நின்றுகொண்டே போனான்.

டீ நேரத்தில் அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் அவள் தனியாக நின்றிருந்தபோது போனான்.

"ஜான்சி, அது ஏதோ கோவத்துல எழுதிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் 'நீங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளும் கவனித்திருக்க வேண்டும். அவன் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"கோவத்துல எழுதுன மாதிரி தெரியல சார். நிதானமா, ரசிச்சு எழுதியிருந்தீங்க."

அவள் சொன்னது சரி. கோபம் என்றால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். அந்த வரிக்காக அவன் மூளையைக் கசக்கவில்லை. பல் துலக்குகிற சாவகாசத்தோடு கைக்குத் தானாக வந்தது. சின்ன வயதிலிருந்து வீட்டில், வயலில், கல்யாணப் பந்தியில் கேட்ட பேச்சு எல்லாம் உள்ளே எங்கோ காய்ந்த விதையாகக் கிடந்திருக்கிறது.

"எங்கம்மா சவரியம்மா ஏரிக்கரைத் தெருவுல பொறந்தவங்க சார். ஊரு எதுன்னு நீங்க கேப்பீங்க, சிதம்பரம்னு சொல்லுவேன். அதுக்கு மேல நீங்க கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே ஊருதானா?" சொன்ன பிறகுதான், வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜான்சி டீயை ஊதிக் குடித்தாள். "அத நீங்கதான் சார் சொல்லணும்."

அவளே தொடர்ந்தாள். "அந்தக் கதை நெஜமான்னு எனக்கும் தெரியாது. யாராச்சும் வந்து அந்தப் பொஸ்தகம் பத்தாதுன்னு சொன்னா ரெண்டு கதையும் போவும். எங்கம்மா சொன்னாங்கன்னு நான் அங்க எழுத முடியாது, அது சட்டமில்ல. போனா போவட்டும்னுதான் இருந்தேன். ஆனா நீங்க சான்றா கேட்டீங்க?"

அவன் இன்னும் ஏதோ கேட்க வந்து தயங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஆபீஸ்ல யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

அதைத்தான் கேட்க வந்திருந்தான். அவள் காகிதக் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். மன்னிப்புக் கேட்கப் போனவன், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாக்குறுதி வாங்கிக்கொண்டு திரும்பினான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தான். கோடு போடுவது எப்படி என்று கதிரவனின் குறிப்பிலேயே இருந்தது. போட்டான். கீழே நீளமாக ஒரு விளக்கம் எழுத ஆரம்பித்து, அதில் 'என் தோழி ஒருவரே அந்தச் சமூகத்தைச்' என்பதுவரை வந்தவன், சீ என்று எல்லாவற்றையும் அழித்தான். 'எழுதியது நான்தான். தவறு' என்று மட்டும் எழுதிக் கையொப்பம் இட்டான். கோடு வரியின் நடுவில் ஓடியது. எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் தலையையும் காலையும் நீட்டிக்கொண்டிருந்தன. ஏர், மாடு, நிலம், எல்லாவற்றையும் சிரமமில்லாமல் படிக்க முடிந்தது.

சாப்பிட உட்காருவதற்குள் பாலகுமார் கூப்பிட்டுவிட்டான்.

"மச்சான், நீயே அடிச்சு வெச்சிருக்கியாமே? எவனாச்சும் மெரட்டுனானா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?"

"அது தப்பு மச்சான்."

"இதுல இன்னா தப்பு? ஊரே கைதட்டுச்சு. கொளஞ்சி மாமா கேட்டா நான் இன்னான்னு சொல்றது? கும்பாபிஷேகத்துக்கு எந்த மூஞ்ச வெச்சுக்குனு வருவ?"

என்ன தப்பு என்று சொல்ல ராஜ்கமலுக்கு இப்போது தெரிந்திருந்தது. தெளிவாகவே தெரிந்திருந்தது. நாக்குதான் எழவில்லை. ஜான்சியின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, ஆண்டி ஒரு மனிதன் என்று சொன்னால் போதும். "ஹலோ, ஹலோ, இங்க சிக்னல் சரியா இல்ல மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டான். தட்டில் அவன் மனைவி புஷ்பவள்ளி தோசையைப் போட்டுவிட்டு, "சிக்னல் நல்லாத்தான இருக்கு?" என்றாள். அவளுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது.

மறுநாள் காலை முட்லூர் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். வழக்கமான பேருந்துதான் வந்தது. ராஜ்கமல் பின்படியில் தொற்றி, நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அந்தச் சீட்டின் ஜன்னலோரத்தில் ஜான்சி இருந்தாள். பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பை இருந்தது. தனக்காகத்தான் வைத்திருக்கிறாளா, பாரமாக இருக்கிறதென்று மடியிலிருந்து இறக்கி வைத்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. நேற்று அடித்ததை அவள் பார்த்தாளா என்பதும் தெரியவில்லை. கண்டக்டர் முன்னால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளருகே போய் நிற்பதா, இங்கேயே நிற்பதா என்று முடிவெடுக்காமல் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பூக்கூடையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாள் அந்தச் சீட்டருகே போய் நின்றாள்.

"இங்க ஆளு வருதாம்மா?"

ஜான்சி திரும்பினாள். அந்த அம்மாளைப் பார்த்தாள். அம்மாளின் தோளுக்குப் பின்னால், கூட்டத்துக்கு நடுவே நின்ற ராஜ்கமலையும் பார்த்தாள். ஜான்சியின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு பையின் காதைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இடம் யாருக்கென்று சொல்லாமல் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பை இருந்த இடத்தில், ரெக்ஸின்மேல், டிபன் பாக்ஸின் ஈரம் வட்டமாக இருந்தது. பூக்கார அம்மாளும் அவனும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.