குளோரைட், குளோரைற்

கனடாவில், டோர்செட் பார்க் ரியூசன் நிலையத்தில் எனக்கு அன்று சோதனை வகுப்பு. பிடித்துப்போனால் வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் பாண் சுடுகிற பேக்டரியில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்த எனக்கு, இந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு சோதனை. வெட்கக்கேடு!

நிலையத்தை நடத்தும் யூஜினி அன்ரி பின்வரிசையில் கொப்பியும் பேனையுமாக இருந்தார்.

பலகையில் NaCl என்று எழுதினேன். சோடியத்தின் பெயர் அப்படியே வரும்; குளோரினின் வாலை வெட்டி 'ஐட்' (ide) ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, "சோடியம் குளோரைட்" என்று மூன்றுதரம் உரக்கச் சொன்னேன். பெயரை எழுதச் சொல்லிக் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வகுப்பிலிருந்த ஒன்பது பேரும் ஆங்கிலத்தில் chlorite, 'குளோரைற்' என்றே எழுதியிருந்தார்கள். அது ஒட்சிசனும் சேர்ந்த வேறு பொருள். கறிக்குப் போடுகிற உப்பு, துணி வெளுக்கிற நஞ்சாகிவிட்டது. சிவப்புப் பேனையால் வரிசையாகப் பிழை போட்டேன்.

யூஜினி அன்ரி எட்டிப் பார்த்தார். "உதுகள் காது குடுத்துக் கேக்கிறேல்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அப்பாடா என்றிருந்தது.

"மிஸ், நீங்க அப்பிடித்தானே சொன்னீங்க?" என்றாள் முன்வரிசை அட்சயா. "குளோரைற்."

"இல்லையம்மா, குளோரைட்."

"யா, குளோரைற்."

அப்போதுதான் விளங்கியது. ஆங்கில d-க்கு நாங்கள் 'ட்' போடுவோம், t-க்கு 'ற்'; என் காதுக்கு இரண்டும் வேறு. இங்கே பிறந்த பிள்ளைகளின் காதுக்கு இரண்டும் t தான். அவர்கள் எதிர்பார்த்த d என் நாக்கில் இல்லவே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை நிச்சயம்.

"ஓகே, சொறி மிஸ்," என்று அட்சயா எழுதியதை அழிக்கத் தொடங்கினாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அழிக்காதை. பிழை என்ர வாயிலை."

யூஜினி அன்ரி எழுந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"உதென்ன பெரிய விசயமே? பிள்ளையள், நான் சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. குளோரைட்."

"குளோரைற்!" என்றது வகுப்பு ஒரே குரலில்.

முப்பது வருடமாகக் கனடாவில் இருப்பவர். இன்னொருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் தலையாட்டினார்கள்: அதே 'குளோரைற்' தான். அவர் கதிரையை இழுத்து அட்சயாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நீ சொல்லித்தா, அட்சயா. வாற சனி வகுப்புக்கு வரேக்கை மிஸ் இதைச் சரியாச் சொல்லவேணும்." கொஞ்சம் பொறுத்து, "நானுந்தான்," என்றார்.