மூணு மணிக்குப் போகும் கரண்ட்

வெள்ளைப் பந்து திரையில் இடமும் வலமுமாகப் பாய்ந்தது. இரு ஓரங்களிலும் இரண்டு வெள்ளைக் கோடுகள். வலப்பக்கக் கோடு காளியாத்தாளுடையது. குமிழைத் திருகினால் கோடு ஏறும், இறங்கும். பந்தை விட்டுவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட்.

ஐந்து கணக்கு சரியாகப் போட்டால் ஐந்து நிமிட ஆட்டம். பாதி விடைக்கு ஆட்டம் கிடையாது. பத்தாம் வகுப்புக்கு பிலோமி டீச்சர் போட்ட சட்டம் அது.

1978. மீனாட்சிபுரத்துக்கு எந்த டி.வி. ஸ்டேஷனும் எட்டாது. டி.வி. அங்கே வெறும் பெட்டி. கடைக்கார ஐசும்மாவின் மகன் அதையும், அதோடு ஆடுகிற டி.வி. கேமையும் துபாயிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். மலைமேல் மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருந்த பிலோமி, இரண்டையும் பள்ளிக்குக் கேட்டு வாங்கினாள். ஓணப் பரீட்சையில் கணக்கில் முப்பத்தெட்டுப் பேரில் ஏழு பேர்தான் பாஸ். இப்போது இருபத்தாறு.

முதலில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. பக்கத்திலுள்ள காளியாத்தாள் வீட்டுத் தோட்டத்து மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கும். படம் சுருங்கி, பந்து காணாமல் போகும். ஒரு வாரமாக அந்தத் தொல்லையும் இல்லை.

ஏன் இல்லை என்று பிலோமி கேட்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

மணி மூன்று இருபத்தைந்து. வானம் திடீரென்று கறுத்தது. ஐப்பசி இடி ஒன்று தொலைவில் உருண்டது. ஒழுகும் கூரைக்குக் கீழே பெட்டி நனைந்தால் ஐசும்மாவுக்கு யார் பதில் சொல்வது?

பியூன் கருப்புசாமி வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணே, ஹெட்மாஸ்டர் பாலக்காடு போயிருக்காரு. நாந்தான் பொறுப்பு. மழைக்கு முன்னாடி பிள்ளைகள விட்டுருவோம். போயி நீட்டி பெல் அடிச்சிருங்க."

"ஆகட்டுங்க டீச்சரம்மா. எனக்கும் ஊட்டு வாசல்ல கடலை காயுது" என்று சந்தோஷமாகக் கிளம்பினார்.

அவர் மைதானத்தில் இறங்கிய அதே நேரம், பின்வாசலில் ராமாத்தாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். காளியாத்தாளின் அம்மா.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளயச் செத்த நேரம் அனுப்புங்க. அவங்கப்பன் கெணத்துக்குள்ள எறங்கிட்டாரு. மேல கவுறு புடிக்க ஆளில்லீங்க."

காளியாத்தாள் திரும்பினாள். "அப்பன் இந்நேரம் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போகலியா?"

"பால நாந்தான் கொண்டு போய் ஊத்துனேன். மோட்டாருக்கு ஒயர் மாத்தோணுமாமா. ஒரு வாரமா மூணு மணிக்குப் போற கரண்ட்டு நாலு மணிக்குத்தான வருது? அதுக்குள்ள முடிச்சுப் போடறேன்னு எறங்கிட்டாரு."

காளியாத்தாளின் கையிலிருந்த குமிழ்ப் பெட்டி தரையில் விழுந்தது. பந்து அவள் கோட்டைத் தாண்டிப் போனது. யாரும் சிரிக்கவில்லை. வகுப்பே அவள் முகத்தைப் பார்த்தது.

"என்னட்டி?" என்றாள் பிலோமி.

"டீச்சர்... கரண்ட்டு போகறதே இல்லீங்க. நாங்கதான் ரோட்டோரக் கொட்டாயில எங்க மோட்டாரோட பீஸ் கட்டையப் புடுங்கி வெக்கறம். படம் ஆடக்கூடாதுன்னு. தினம் ஒருத்தி காவல்." பெஞ்சில் காலியாகக் கிடந்த ஓர் இடத்தைக் காட்டினாள். "இன்னிக்கு முத்தாத்தா. பள்ளிக்கூடம் விடற பெல் சத்தம் கேட்டதும் கட்டையத் திருப்பிச் சொருகிருவா."

பெல்.

பிலோமி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கருப்புசாமி மைதானத்தைப் பாதி தாண்டிவிட்டார். அலுவலகத்து முன்னால் பெல்லாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு காற்றில் லேசாக ஆடியது. கொட்டகை அதற்கும் அப்பால் இரண்டு பர்லாங். அங்கே ஓடி யாரும் சத்தத்தை முந்த முடியாது. கிணற்றின் பாதி ஆழத்தில், ஈரம் கசியும் கல்மேடையில், மொட்டை ஒயரைக் கையில் பிடித்தபடி காளியாத்தாளின் அப்பா மாரப்பன் உட்கார்ந்திருப்பார்.

"நீங்க ரெண்டு பேரும் கெணத்துக்கு ஓடுங்க! அவர வெளிய வரச் சொல்லுங்க!"

சொல்லிக்கொண்டே பிலோமி மைதானத்தில் பாய்ந்தாள்.

"அண்ணே! அடிக்காதீங்க!"

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வீசியது. அவள் குரலை வாரி அவள் முதுகுக்குப் பின்னால் எறிந்தது. செருப்பு அறுந்தது. சேலை காலில் சுற்றியது. விழுந்தாள். எழுந்தாள். கருப்புசாமி சுத்தியலைச் சாவதானமாக ஓங்கினார்.

டண்!

அந்த ஒரு அடி அவள் நெஞ்சுக்குள் விழுந்தது. சுத்தியல் மறுபடி மேலே போனது. இன்னும் நான்கு எட்டு. மூன்று. பாய்ந்து இரும்பை இரு கைகளாலும் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது அடி அவள் வலக்கை விரல்கள்மேல் விழுந்தது. இரும்பு ஒலிக்கவில்லை. எலும்பு மட்டும் ஒலித்தது.

"அட ஆத்தா! டீச்சரம்மா, பெல்லுக்குக் குறுக்கால கையக் குடுப்பாங்களா ஆராச்சும்?"

"பேசாம இருங்க!" அவள் காதைத் தீட்டினாள். தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எஸ்டேட்டில் ஒருமுறை அவள் பார்த்திருக்கிறாள். கரண்ட் பிடித்தவன் கத்துவதில்லை.

ஓடினாள். கை தனியாகத் துடித்தது. கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே முத்தாத்தாள் நின்றாள். கையில் பீஸ் கட்டை. அதன் செம்பு முனைக்கும் குழிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

"அசையாதட்டி!"

முத்தாத்தாள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "நான் போடவே இல்லீங்க டீச்சர். ஒரு அடிதான் கேட்டுச்சு. பாதி பெல்லுதானுங்களே? பாதி விடைக்கு ஆட்டமில்லைன்னு நீங்கதான சொல்லுவீங்க? அதான் மிச்சமும் கேக்கட்டும்னு நின்னேன்."

பிலோமி இடக்கையால் கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். கதவைப் பிடித்து நின்றாள். பிறகு தோட்டத்துக்குள் நடந்தாள்.

கிணற்று மேட்டில் ராமாத்தாளும் மகளும் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்கள். மாரப்பனின் தலைப்பாகை மேலே வந்தது. பிறகு முகம்.

"என்னத்துக்கு இப்படிக் கத்தறீங்க ரெண்டு பேரும்? நாலு மணிக்கு இன்னும் எத்தன நேரம் கெடக்குது!" என்று ஏறி வந்தவர் பிலோமியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். "வாங்க டீச்சர்! பாதி வேலை பாக்கி நிக்குதுங்க. பரவால்ல, நாளைக்கும் மூணு மணிக்குக் கரண்ட்டு போகுமில்ல, அப்ப எறங்கிக்கறேன்."

"நாளைக்குப் போகாதுங்க."

"அதெப்படிங்க உங்களுக்குத் தெரியும்? லைன்மேன் சொன்னானுங்களா?"

காளியாத்தாள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். பிலோமி இடக்கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் பீஸ் கட்டை.

மாரப்பனின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. கட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, ஈரம் சொட்டும் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.