நாற்பத்து மூன்றாம் வருஷத்துக் கேன்

மீட்டர்காரர் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குளிப்பாட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். கழுவுகிறவன் எவனும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கேட்க மாட்டான், பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்க்க மாட்டான், நடுநடுவே நிமிர்ந்து பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்ள மாட்டான். பெற்ற மகளுக்கு ஒரு நாள் தலை துவட்டிவிட்டதில்லை இந்த மனுஷர். அவள் கல்யாணமாகிப் போய் நாலு வருஷமாகிறது. போன் செய்தால், அம்மாவிடம் கொடுக்கிறேன் என்பதோடு சரி. இருபது லிட்டர் தகரத்துக்கு மட்டும் எங்கிருந்தோ பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்று நினைத்தபடி, தையல்காரி சமையலறை ஜன்னல் வழியாகப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மெஷின் ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. துணியைத் திருப்பும்போதெல்லாம் முழங்கை ஃப்ரிட்ஜில் இடிக்கும். ஐந்து வருஷமாக இடித்து இடித்து அந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது.

அவருக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலை. மீட்டரை அரை நிமிஷம் பார்ப்பார், மீதி நேரமெல்லாம் அந்த வீட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பார், பழைய ராணுவ எரிபொருள் கேன் எங்கேயாவது கிடக்கிறதா என்று. கோழிக்குத் தண்ணீர் வைத்த கேன், வயிற்றைக் கிழித்துச் செடி நட்ட கேன், கார் ஷெட் கதவுக்கு முட்டுக்கொடுத்த கேன், எதுவானாலும் பல்லைக் காட்டிக் கேட்டு வாங்கி ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு வருவார். வந்ததும் பாடம் ஆரம்பமாகும். மேலே கைப்பிடி மூன்று இருக்கிறதா பார். நிறைந்த கேனை இரண்டு பேர் பங்குபோட்டுத் தூக்கவும், காலிக் கேன் என்றால் ஒரே கையில் இரண்டைப் பிடிக்கவும்தான் அந்த மூன்று. பக்கத்தில் பெருக்கல் குறி போலப் பள்ளம் எதற்கு? உள்ளே ஆவி பெருத்தால் தகரம் விரிந்து கொடுப்பதற்கு. இரண்டு பாதியாக அழுத்தி எடுத்து நடுவில் வெல்டிங் வைத்ததா, மூடி திருகுகிற மாதிரியா, நெம்பித் திறக்கிற மாதிரியா, கடைசியில் எந்தக் கம்பெனி முத்திரை, எந்த வருஷம். முப்பது வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்குச் சொல்ல வரும். ஆனால் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொன்னால் அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தி ஆகிவிடுவோம் என்று அவளுக்கு அருவருப்பு.

கூட்டம் என்றால் நிஜமாகவே ஒரு சங்கம் இருந்தது. மொத்தம் பதினோரு ஆம்பிளைகள். தலைவர் ஒரு பல் டாக்டர். கேனைப் பார்க்க வரும்போது தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கேனின் வாய்க்குள் விட்டு, அப்படியும் இப்படியும் திருப்பி, ம்ம், ம்ம் என்பார். கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் காத்திருக்க, இங்கே தகரத்துக்கு வைத்தியம் நடக்கும். 'ஒரிஜினல்' என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. பதினோரு பேரில் ஒருவனுக்காவது சொந்தக் கண் இருக்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம். தேநீர்த் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது, இவர்களையெல்லாம் பெற்றவர்கள் எதை நினைத்துப் பெற்றார்களோ என்று தோன்றும்.

கேன்கள் இருக்கும் அறை முன்பு அவளுடைய தையல் அறை. இரண்டு பக்கம் ஜன்னல், துணி வெட்ட ஆறடி மேஜை. முதலில் மூலையில் நாலு கேன் வந்தது. ஒரு வாரம் இருக்கட்டும் என்றார். அப்புறம் மேஜைக்கு அடியில் வந்தது, அப்புறம் மேஜைமேல் வந்தது, அப்புறம் மேஜையே போனது. இப்போது அறுபத்தெட்டு கேன்கள். அவள் கட்டிலில் முட்டிபோட்டுத் துணி வெட்டுகிறாள். கேட்டால் அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். ஒரே கம்பெனி முத்திரையில் இரண்டாம் உலகப் போர் நடந்த ஏழு வருஷத்துக் கேனும் வரிசையாகச் சேர வேண்டும். ஆறு சேர்ந்துவிட்டது, நாற்பத்து மூன்று மட்டும் கிடைக்கவில்லை. அது கிடைத்த அன்றைக்கு மொத்தத்தையும் பல் டாக்டர் தன் கிளினிக் மாடி ஹாலில் காட்சிக்கு வைக்கப்போகிறார். முன்பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் ஓட்டையோடு வைக்க மாட்டாராம். ஆகவே நாற்பத்து மூன்றுக்காக அவரைவிட அவள்தான் அதிகம் தவம் கிடந்தாள்.

நாலு நாள் முன்னால் ஓர் ஆஸ்பத்திரி மேட்ரன், அவள் தைத்த ஒரு நர்ஸ் கோட்டின் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நூற்றிருபது கோட்டு தர முடியுமா, அது சரியாக வந்தால் வருஷா வருஷம் உனக்கே என்று கேட்டிருந்தாள். கூட இரண்டு பெண்களை வைத்துக்கொண்டால் முடியும். மேட்ரன் கேட்டது ஒரே கேள்விதான், இடம் இருக்கிறதா என்று. திங்கட்கிழமைக்குள் சொல்கிறேன் என்று இவள் வந்துவிட்டாள். அந்த வாரம்தான், மூன்று கேனைக் கொடுத்து மாற்றாக இந்த நாற்பத்து மூன்றை எங்கோ ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்தார் மீட்டர்காரர். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வேனோடு வருகிறார் என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஒரு கேனைக் கொண்டுவந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

குளியல் முடிந்ததும், துடைத்து வை, தண்ணீர் தங்கினால் துருப்பிடிக்கும் என்று கேனை அவளிடம் நீட்டினார். தலையெழுத்தே என்று மடியில் வாங்கித் துடைத்தாள். கட்டைவிரல் வருஷ எண்ணின் மேல் போனது. நின்றது. மறுபடியும் போனது. நாலுக்கும் மூன்றுக்கும் சுற்றிலும் தகரம் லேசாகக் குழிந்திருந்தது, தலையணையில் விரல் வைத்து அழுத்தினாற்போல. மற்ற ஆறில் அப்படி இல்லை. எண் மட்டும் உள்ளே போயிருக்கும், சுற்றுப்புறம் சமமாக இருக்கும். காரணத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்கெட்டில் பூ வேலை செய்வதென்றால் தைப்பதற்கு முன்னால் தட்டையாக விரித்துச் செய்ய வேண்டும். சட்டை முடிந்தபிறகு செய்தால் சுற்றிலும் துணி இழுத்துக்கொண்டு நிற்கும். இது முடிந்த கேன்மேல் எவனோ சுத்தியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அடித்த வருஷம். உள்ளே தாங்கல் இல்லாமல் தகரம் அமுங்கியிருக்கிறது.

புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். பரீட்சையில் பாஸானவன் முகம். முப்பது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து இந்த லட்சணம். சொல்லலாம். சொன்னால் நாற்பத்து மூன்று மறுபடியும் இல்லை, ஹால் இல்லை, அறை இல்லை. இன்னொரு முப்பது வருஷம் முழங்கை ஃப்ரிட்ஜில் இடிக்கும். கேனைத் துடைத்து, மேலும் ஒரு தடவை துடைத்து, "அழகா இருக்குங்க" என்று கொடுத்தாள். அவர் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனார். அவள் மேட்ரனுக்குப் போன் செய்து இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை பல் டாக்டர் வந்தார். விளக்கை மாட்டினார், கண்ணாடியை விட்டார். ஒருவேளை இந்த ஆளுக்குத் தெரிந்துவிடுமோ என்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. டாக்டர் வருஷ எண்ணைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு ஆழம் பாருங்கள், போர் உச்சத்தில் இருந்த வருஷம், அடித்தவன் கையில் இருந்த வேகம் தெரிகிறது என்றார். மீட்டர்காரர் கண் கலங்கிவிட்டது. போலி என்பதை எது காட்டிக்கொடுத்ததோ அதையே அந்த மேதாவி அத்தாட்சியாக எடுத்துக்கொண்டுவிட்டார். திரும்பி அவளைப் பார்த்து, "உங்களுக்கு இதெல்லாம் வெறும் தகரம்தாம்மா" என்றார், இரக்கத்தோடு. அவள், ஆமாம் டாக்டர் என்று தேநீரை நீட்டினாள். நல்ல வேளை, தேநீருக்குள்ளும் கண்ணாடியை விட்டு ஒரிஜினலா என்று பார்க்கவில்லை.

கேன்கள் வேனுக்குப் போக ஆரம்பித்தன. மீட்டர்காரர் ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்து அனுப்பினார். அறையில் தரை தெரியத் தொடங்கியது. துருக்கறை கட்டம் கட்டமாக இருந்தது. அதை அமிலம் ஊற்றித் தேய்த்துவிடலாம். மேஜை ஜன்னலோரம், இரண்டு மெஷின் இந்தச் சுவரில், மூன்றாவது அங்கே என்று அவள் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தாள். ஜன்னல் கதவைத் திறந்தாள். ஐந்து வருஷமாகத் திறக்காத கதவு, கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது.

வரிசைக்கு உரிய ஏழு கேன்களைக் கடைசியாக அடுக்கிப் பார்த்த டாக்டர், நாற்பத்து நான்கைக் கையில் எடுத்து உதட்டைப் பிதுக்கினார். மீட்டர்காரர் முதன்முதலில் கண்டெடுத்த கேன் அது. ஒரு கிழவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்ததைக் கெஞ்சி வாங்கி, மழையில் நனைந்துகொண்டு கொண்டுவந்தது. அந்த மழை நாள் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. கல்யாணமான புதிது, அவள்தான் பழைய புடவையால் கேனைத் துடைத்தாள். எண் மேலோட்டமாக இருக்கிறதே, நாற்பத்து மூன்றின் பக்கத்தில் வைத்தால் இது போலி மாதிரி தெரிகிறதே என்றார் டாக்டர். பரவாயில்லை, அதற்கும் வழி இருக்கிறது.

"நம்ம லேத் பட்டறையில குடுத்து இந்த ரெண்டு நாலையும் கொஞ்சம் ஆழமா அடிச்சிடலாம் சார். வரிசை ஒண்ணுபோல நிக்கும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். ஒரு நொடி அவர் முகம் சுருங்கியது. கேனின் கைப்பிடியை அவர் விரல்கள் இறுகப் பிடித்தன. அப்புறம், ஒரு நொடிக்கு அப்புறம், தலையாட்டினார். "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்."

அந்தத் தலையாட்டல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. போலியை நம்பியதை விட்டுவிட்டாள். மனுஷனுக்குக் கண் இல்லை, போகட்டும். கையில் இருக்கிற நிஜத்தைக் கொண்டுபோய்ப் போலிக்குப் பொருத்தமாக அடித்துத் தா என்று ஒரு பல் பிடுங்குகிறவன் சொல்கிறான், இந்த ஆள் மண்டையை ஆட்டுகிறார். வாயை மூடு, வேன் கிளம்பட்டும், ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கால் அதற்குள் சமையலறைக்குப் போய் மெஷின் இழுப்பறையிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது.

"அதக் கீழ வைங்க டாக்டர்."

இரண்டு கேனையும் படுக்கவைத்தாள். சாக்கட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்து எண்களின்மேல் தேய்த்தாள். நாற்பத்து நான்கில் வெள்ளை எண்ணின் விளிம்புவரை போய்க் கத்தரித்தாற்போல நின்றது. நாற்பத்து மூன்றில் ஒவ்வொரு எண்ணையும் சுற்றிச் சாக்கட்டி படாமல் ஒரு கறுப்பு வளையம் நின்றது. அமுங்கிய தகரத்தில் சாக்கட்டி எப்படிப் படும்?

"இது தட்டையா இருந்தப்ப அடிச்சது. அது தைச்சு முடிச்சப்புறம் அடிச்சது. என்கிட்ட வேலை கத்துக்க வர்ற பொண்ணு மொத வாரத்துலயே இதக் கண்டுபிடிச்சிடும்."

டாக்டர் குனிந்து பார்த்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். தலையிலிருந்து விளக்கைக் கழற்றிப் பையில் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. கிளினிக்கில் ஆள் காத்திருக்கும் என்றார், ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து. வேன்காரர் ஏற்றினதையெல்லாம் இறக்கி வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

வேன் போனபிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். முப்பது வருஷம் இவர்களைத் தலையில் அடித்துக்கொண்டு பார்த்தவள், கடைசி ஒரு மணி நேரத்தில் தன் கண்தான் பெரிது என்று காட்டுவதற்காக அறையைக் கோட்டை விட்டுவிட்டாள். அந்தப் பதினோரு பேரையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இவ்வளவு பெரிய முட்டாள் கிடைக்கமாட்டான். பாதி காலியான அறையில், ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மீட்டர்காரர் நாற்பத்து மூன்றைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். குப்பையோடு அதைத் தூக்கிப் போட்ட சத்தம் கேட்டது. கோபித்துக்கொள்வார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வாசலிலிருந்து ஒரு கேனை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பல் டாக்டரைப் பார்க்கிற அதே பார்வையை இப்போது அவள்மேல் வைத்திருந்தார்.

"இதயும் கொஞ்சம் பாரேன். போலின்னா சொல்லிடு. போலி ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். திறந்த கதவுக்கு வெளியே வாசல் நிறையக் கேன்கள் உள்ளே வரக் காத்துக்கொண்டிருந்தன. மடியில் வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் எண்ணைத் தேடிப் போனது. கூர்மையான விளிம்பு, சுற்றிலும் பலகைபோலச் சமமான தகரம். இதைவிட நிஜமாக ஒரு கேன் இருக்க முடியாது. போலி என்று ஒரு வார்த்தை சொன்னால் இதுவும் குப்பைக்குப் போகும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்திருந்தார். தரையில் கிடந்த சாக்கட்டியை எடுத்து நீட்டினார்.

"அது வேணாம்" என்றாள். "விரலே போதும்."

சமையலறையில், மெஷின்மேல் வைத்திருந்த போன் அடிக்க ஆரம்பித்தது, மேட்ரனாகத்தான் இருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. விரல் மட்டும் அந்த எண்ணின் மேல் போவதும் வருவதுமாக இருந்தது.