உள்மடிப்புப் பொத்தான்

தையல்காரர் இழுப்பறையைத் திறந்து, துண்டுத் துணிகளுக்கு அடியில் கைவிட்டு அந்தச் சட்டையை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் சட்டை. எந்தக் கடையிலும் இந்த அளவு கிடைக்காது.

அவருக்கு ஐந்தரை மாதத்திலேயே பிறந்துவிட்ட இரட்டைப் பெண்கள். முந்தாநாள், பிறந்த ஒரு மணி நேரத்தில் மூத்தவள் போய்விட்டாள். அவளுக்குச் சட்டை வெட்டும்போது பழக்க தோஷத்தில் துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டிவிட்டார். வெட்டியதைத் தைக்காமல் விட்டும் பழக்கமில்லை. ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், மற்றதை ஒளித்துவைத்தார். இன்று காலை இளையவளும் போய்விட்டாள்.

வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘எதுக்கும் மாஸ்டர்’. தையலுக்குள் எதுக்கும் ஓர் அங்குலம் கூடுதலாக விடுவார். உள்மடிப்பில் எதுக்கும் ஒரு பொத்தான் தைத்துக் கொடுப்பார். அந்தப் பாழாய்ப்போன வாய் கருத்தரிப்பு மருத்துவரிடமும் சும்மா இருக்கவில்லை.

“ஒரு கரு வெச்சா போதும். ரெண்டை இவங்க கர்ப்பப்பை தாங்குறது கஷ்டம்” என்றார் மருத்துவர்.

“ஒண்ணே வெப்போம்ங்க” என்றாள் மனைவி.

“ஏழு வருஷம் காத்திருந்தாச்சு. அந்த ஒண்ணு தங்கலைன்னா? எதுக்கும் ரெண்டா இருக்கட்டும் டாக்டர்.”

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

சட்டையோடு அவர் போனபோது மருத்துவமனை அறை வாசலில் அவருடைய அக்கா நின்றிருந்தாள். “அவகிட்ட சொல்லிட்டேன்டா. அழவே மாட்டேங்கிறா. எனக்குப் பயமா இருக்கு. நீ உள்ள போ.”

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவியின் மடியில் சட்டையை வைத்தார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

“இப்பதான் தெச்சீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாவி வாய்க்கு அது வரவில்லை.

“முந்தாநாளே தெச்சேன்.”

“அப்ப இவ உயிரோட இருந்தாளே.”

“இல்ல... எதுக்கும்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அவள் சட்டையை உள்பக்கம் திருப்பினாள். மடிப்பு ஓரத்தில் மிளகளவு பொத்தான் ஒன்று கூடுதலாக இருந்தது. அதன் நூலை நகத்தால் நெருட ஆரம்பித்தாள். இரட்டை நூல், சுலபத்தில் வரவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. நகத்தாலேயே பிரித்துக்கொண்டிருந்தாள்.